கை உயர்த்தலும் மனம் திறத்தலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில், “பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுமா?” என்று தலைவர் கேட்டார். கூடியிருந்தோர் அனைவரும் கை உயர்த்தினர். முப்பத்திரண்டு பிள்ளைகளோடு வகுப்பும் தொடங்கிற்று. ஆறு திங்களில் பதினொருவரே எஞ்சினர். “இங்குள்ள பெற்றோருக்குத் தாய்மொழிப் பற்று இல்லை” என்று செயற்குழுவில் சிலர் வெகுண்டனர். அவருள் நாமும் இருந்தோம். கண்டிப்பான சுற்றறிக்கை ஒன்றையும் எழுதி வைத்தோம்.

அச்சுற்றறிக்கையை வெளியிடாமல் நிறுத்தியது நாம் படித்த ஒரு செய்தி. 1941-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் அறிஞர் சிலரை அமர்த்தி வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்கச் செய்தார். பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும், பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அவர்கள் அழுத்த வேண்டும். எத்தனை பேர் வெறுத்தனர் என்பது இதனால் விளங்கிற்று. ஏன் வெறுத்தனர் என்பது விளங்கவில்லை. அங்கு வந்த ராபர்ட் மெர்ட்டன் என்பார், விடையைத் தாமே ஊட்டிவிடாத வகையில் கேள்வி கேட்டு, அவர்களைத் தாராளமாகப் பேசவிடும் முறையை வகுத்தார். இன்று ‘ஃபோகஸ் குரூப்’ என வழங்கும் சிறுகுழு உரையாடலுக்கு இதுவே மூலமென்பர்.

நம் மகாசபையில் உயர்ந்த கைகளும் பச்சைப் பொத்தான்களே அன்றோ!

இருப்புப்பாதை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு இதன் உண்மை எளிதில் விளங்கிற்று. மேலதிகாரி வந்து, “குறை ஏதேனும் உண்டா?” என்று வினவினால், “ஒன்றுமில்லை, ஐயா” என்பதே விடை. பின்னர்த் தேநீர்க் கடையில்தான் மெய் வெளிப்படும். ஆகவே தலைவரும் காரியதரிசியும் நாமும் இல்லாத இடத்தில், எட்டுத் தாய்மாரை ஒன்றரை மணி நேரம் உரையாட அழைத்தோம். செயற்குழுவில் இல்லாத ஓர் அம்மையார் கேள்வி கேட்டார், மற்றொருவர் குறிப்பெடுத்தார். பெயர்கள் எழுதப்படவில்லை. முதலிரண்டு பேரே பேச்சை ஆக்கிரமித்துக் கொள்ளாதவாறு, பேசாதிருந்தோரையும் அம்மையார் கனிவுடன் பேசச் செய்தார்.

குறிப்பில் ஒரு தாயாரின் சொல் இவ்வாறு இருந்தது: “அக்கா, என் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து ‘அ, ஆ’ எழுத வெட்கப்படுகிறான். அதைப் பெரியவர்கள் கூடிய சபையில் எப்படிச் சொல்வது?” மேலும் மூவர் இதையே வேறு சொற்களில் கூறியிருந்தனர்.

எழுத்தறியாத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்தும் ஏற்பாட்டைச் செய்தவர் வேறு யாருமல்லர், நாமே. படித்தபோது முகம் சுருங்கிற்று. கேட்பதற்கு முன் கோபித்தது நம் பிழை.

எனினும் எட்டுப் பேர் சொல் ஊர்ச் சொல் ஆகாது. சிறுகுழுவில் கிடைப்பவை மேலும் சோதித்தறிய வேண்டிய ஊகங்களே என்று மெர்ட்டனும் பிற்காலத்தில் வற்புறுத்தினார். ஆகவே விலகிய பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் சீட்டு அனுப்பிக் கேட்டோம். வெட்கத்தையே பலர் காரணமாகக் குறித்தனர். சிலர் மாலை நேரம் ஒவ்வாதென்றனர். இப்போது பெரிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடைபெறுகிறது. பத்தொன்பது பேர் வருகின்றனர். மாலை நேரத்தை மாற்ற இயலவில்லை; பள்ளிக்கூட அறை அப்பொழுதுதான் நமக்குக் கிடைக்கிறது. முடிந்ததையும் முடியாததையும் அத்தாய்மார் எண்மருக்கும் முதலில் தெரிவித்தோம். கேட்டுவிட்டு மௌனமாயிருப்பது, கேளாதிருப்பதினும் கொடிது.

சங்கமாயினும், அலுவலகமாயினும், நால்வர் சேர்ந்து செய்யும் விழா வேலையாயினும், தலைமை ஏற்போர் ஆணையிடுமுன் ஒருமுறை இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தாயார் இன்னாரென்று நாம் அறியோம். அறிய முயலவும் இல்லை. இப்பக்கத்தை அவர் படிப்பாராயின், நம் நன்றியை ஏற்றுக்கொள்வாராக. சுற்றறிக்கை இன்னும் நம் மேசை அறையில் கிடக்கிறது. அடுத்த முறை சினம் எழும்போது எடுத்துப் படிப்பதற்காக வைத்திருக்கிறோம்.