சிரிக்க வைக்க யார் வருகிறீர்கள்?



சென்ற மாதம் நமுனுகுல மலைப்பக்கத் தோட்டமொன்றில் ஒரு நகைச்சுவை நாடகத்திற்கு நடிகர்களைத் தெரிவு செய்தோம். நடிகர் தெரிவு என்றதும் தொலைக்காட்சியில் வருவது போல மூன்று நடுவர்கள், வண்ண விளக்குகள் என்று நினைத்துவிட வேண்டாம். பதுளையிலிருந்து பசறை போய், அங்கே வேறு பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து அரை மணித்தியாலம் மேலே நடந்தால் ஒரு புள்ளைக்காம்பரா. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அங்கே வரச் சொல்லியிருந்தோம். 11.30க்கு முதல் ஆள் வந்தார். அவரும், "மிஸ், நிவாரணம் ஏதும் குடுக்குறாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

நாடகத்தின் கதை சிறியது. ஒரு பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது பெயர். மூன்று பேரும் தான் ஒருத்தியே என்று நிரூபிக்க அவள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ் தெரியாதவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களோடு இன்றைக்கும் எத்தனையோ பேர் பென்சன் வயதில் அலைகிறார்கள். அழுதுகொண்டே சொல்லிய கதையை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்போமே என்பதுதான் எங்கள் எண்ணம்.

பாத்திரங்கள் 6. வந்தவர்கள் 11 பேர். ஒன்பது பெண்கள், இரண்டு இளைஞர்கள்.

முதல் பிழை என்னுடையது. வசனங்களை அழகான தமிழில் தட்டச்சு செய்து கொண்டு போயிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லோரும் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு நிற்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் பாதியில் தாளைத் திருப்பித் தந்து, "நமக்கு இதெல்லாம் வாயில வராது மிஸ், நான் சமைக்கப் போறேன்" என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், மனிதர்கள் அன்றாடம் எப்படியெல்லாம் நடிக்கிறார்கள் என்று கோஃப்மன் 1959இல் எழுதிய புத்தகத்தை வரிக்கு வரி கோடிட்டுப் படித்தவள் நான். அன்று அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

உதவியது வேறொருவரின் பிழை. ஹபீப் தன்வீர் என்ற இந்திய நாடகக்காரர் சத்தீஸ்கர் கிராமத்து நாச்சா கலைஞர்களை 1958இல் தன் நாடகத்திற்கு அழைத்துச் சென்றார். நாச்சா என்பது விடிய விடிய நடக்கும் பகிடிக் கூத்து. ஊரில் கூட்டத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தவர்கள், அவரது மேடையில் ஏறியதும் மரம் போல நின்றார்கள். இலண்டனில் நாடகம் படித்து வந்தவர் அவர். இந்த வசனத்துக்கு இங்கே நில், அடுத்ததற்கு அந்தப் பக்கம் போ என்று கட்டளையிட்டுக் கொண்டிருந்தார். அவர்களின் பேச்சு மொழியையும் நடையையும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது முழுதாக விளங்க அவருக்குப் பல வருடங்கள் எடுத்தன. அதன் பின்னர் 1975இல் வந்ததுதான் 'சரண்தாஸ் சோர்'. பொய் சொல்வதில்லை என்று குருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவதிப்படும் ஒரு திருடனின் கதை. 1982இல் எடின்பரோ நாடக விழாவில் அது பரிசும் பெற்றது. நாச்சாவில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது வழமை. தன்வீரின் குழுவில் பிதா பாய் போன்ற கிராமத்துப் பெண்களே மேடையேறினார்கள்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையல்ல. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய 'ஜனகரலிய' என்னும் மக்கள் களரி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாடகக் குழு. சிங்கள, தமிழ் இளைஞர் யுவதிகள் ஒன்றாக நடித்த அந்தக் குழு, இதே நாடகத்தை 'சரண்தாஸ்' என்று சிங்களத்திலும் தமிழிலும் மேடையேற்றியது.

ஆகவே தாள்களை மடக்கிப் பைக்குள் வைத்தேன். "உங்களுக்கு நடந்த ஒன்றை, வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள்" என்றேன். சமைக்கப் போவதாகச் சொன்ன அக்காதான் முதலில் எழுந்தார். கொழுந்து நிறுப்பவர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தராசைப் பாராமல் எங்கோ மலையைப் பார்த்தபடி, "மழைக்கு ரெண்டு கிலோ, படங்குக்கு ஒரு கிலோ, ஒன் மூஞ்சிக்கு ஒரு கிலோ கழிச்சாச்சு, போ!" என்றார். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பேசாமல் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நின்றார்.

அடுத்து வந்தவர் ஓர் இளைஞர். குடிகாரக் கணவன் பாத்திரத்திற்கு. தள்ளாடி வந்தார், லயத்துப் படியில் தடுக்கினார், சிரித்தோம். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைவது போலச் செய்தார். அதற்கும் சிரிப்பு வந்தது, முன்னையதைவிடச் சத்தமாக. மூலையில் இருந்த ஒரு தங்கை எழுந்து வெளியே பைப்படிக்குப் போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வரும்வரை நான் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. அந்தத் தம்பியைத் தனியே அழைத்துக் கதைத்தேன். கெட்டவரல்ல, சினிமாவில் பார்த்ததைச் செய்தார். அவர் நாடகத்தில் இருக்கிறார், அந்தக் குடிகாரனும் இருக்கிறான். ஆனால் அடி இல்லை. இப்போது அவன் கந்தோர்ப் பத்திரத்தில் நேராகக் கையெழுத்துப் போட முடியாமல் மேசையிலேயே எழுதிவிடுகிறான். சிரிப்பு குறைந்துவிடும் என்று அவர் பயந்தார். குறையவில்லை.

இனி நான் எழுதவிருந்த விடயத்துக்கு வருகிறேன். அன்று மகளுக்குத் துணையாக ஓர் அம்மா வந்திருந்தார். 1977 கலவரத்தின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியதை நீங்கள் அறிவீர்கள். அவரது பெற்றோரும் அப்படிப் போனவர்கள். கிளிநொச்சியில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, 2009இல் கணவரைத் தொலைத்து, பின்னர் சின்னம்மா வீடு தேடி இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். அவரைப் பற்றி அவரது அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

"நீங்களும் ஏதாவது செய்யுங்களேன்" என்று மற்றவர்கள் கேட்டதற்கு, "எனக்கு நடிக்கத் தெரியாது, பிள்ளைக்குத் துணையா வந்தனான்" என்றார். சற்று நேரம் கழித்து அவராகவே எழுந்து வந்தார். யுத்தக் கதையைச் சொல்லும்படி நான் யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவர் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து முத்திரையாக்கினார். இல்லாத மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். கந்தோர் ஐயாவும் தானுமாக மாறி மாறி நின்று பேசினார்.

"கணவற்ற கையெழுத்து வேணும்."

"அவர் இல்லை ஐயா. 2009இல காணாமப் போனவர்."

"அது எனக்கு விளங்குது அம்மா. காணாமப் போனனான் எண்டு அவர் ஒரு கடிதம் தரவேணும்."

கோப்பையால் 'டப்' என்று மேசையில் ஒரு குத்து.

முதலில் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவரது மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். மறுநாள் காலை அவருக்குத் தொலைபேசி எடுத்து, இரவு நித்திரை வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். (இதே நிலையில் உள்ளவர்களுக்கு இடையில் ஒரு தகவல்: 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், தம் உறவினர் காணாமற் போயுள்ளார் என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.)

அன்று வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தோட்டத்தின் காமன் கூத்து வாத்தியார். மாசி மாதத்தில் தப்புச் சத்தத்தோடு இரவிரவாக நடக்கும் காமன் கூத்தை அறியாத தோட்டத்தவர் இல்லை. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பதும், ரதி புலம்புவதும், மன்மதன் மீண்டும் எழும்புவதும் கதை. ரதி வேடம் கட்டுவது ஆண்தான். பெண்கள் பார்த்து அழுவார்கள். வாத்தியாரும் இளமையில் ரதி கட்டியவர். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், புருசன் இல்லாத புள்ள மேடையில நின்னு சிரிச்சா ஊரு ஏசும். ஒங்களுக்குத் தெரியாது."

நான் என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள், தராசுக்கார அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏன் மாமா, புருசன எரிச்சிட்டாங்கன்னு நீங்க ரதியா நின்னு அழுதீங்களே, அப்ப ஒங்களுக்குப் புருசன் இருந்தாரா?"

பெரியவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். போகும்போது, நாடகத்துக்குத் தப்பு அடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இதனால் ஊர் ஏசாது என்று நான் உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். ஏசுகிறது. அந்த வாரமே இரண்டு வீடுகளில் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். ஒரு வீட்டாரோடு கதைத்துச் சம்மதிக்க வைத்தோம். மற்ற வீட்டாரின் முடிவை ஏற்றுக்கொண்டோம்.

உங்கள் ஊரிலும் இப்படி நாடகத்துக்கு ஆள் தேடி யாராவது வரலாம். போங்கள். ஆனால் போகுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவார்களா, பிள்ளையைக் கூட்டிப் போகலாமா, படம் பிடிப்பார்களா, பிடித்தால் அது எங்கே போகும். தெரிவுக்குக் காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். உங்கள் சொந்தக் கதையை நாடகத்தில் சேர்ப்பதென்றால் உங்களைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், மேடையேறும் நாளன்று காலையில்கூட 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. தெரிவாகாவிட்டால் மனம் நோகத்தான் செய்யும். எங்களிடம் தெரிவாகாத ஐவரில் மூவர் உடுப்பு, வேலை ஒழுங்குகள் என்று வந்து நிற்கிறார்கள். இருவர் என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

மூன்று பெயர்க்காரியின் பாத்திரத்தை கிளிநொச்சி அம்மாவுக்குக் கொடுக்கத்தான் நான் நினைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "அந்தப் பொம்பிளையா நிக்க எனக்கு ஏலாது மிஸ். அதை நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன். கந்தோர் ஐயாவைத் தாங்கோ, நான் செய்யிறன்."

தராசுக்கார அக்கா இப்போது மூன்று பெயர்க்காரி. முதல் ஒத்திகை வருகிற ஞாயிறு. கந்தோர் ஐயாவுக்குக் கோப்பை சரிவராதாம், மரப்பிடி போட்ட பெரிய முத்திரை ஒன்று வேண்டுமாம். பதுளைக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.