தேன் கொடுத்தால்தான் தேனீயா?

போடியில் ஏலக்காய் என்ன விலை என்று கேட்டால் சின்னப் பையன்கூட சொல்லிவிடுவான். அந்தக் காய் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால், "தேனீ வரணும்ல" என்பார்கள். எந்தத் தேனீ? பெட்டியில் வளர்ப்பதுதான், வேறென்ன!

இங்கேதான் இடிக்கிறது. ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் பூ உதிர்ந்துவிடும், காய் கிடையாது. கே.ஆர். சிவன்னா உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை ஆராய்ந்து 2009-ல் 'ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் எழுதினார்கள். தோட்டத்து ஏலத்துக்கு வருவது மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ. மூன்றும் கூட்டம் சேர்த்து வாழ்பவை. காட்டில் தானாக முளைத்த ஏலத்துக்கு வருவதோ வேறு கோஷ்டி: ஒரு இலைவெட்டித் தேனீ, இரண்டு வகை அமெஜில்லா. எல்லாம் தனிக்கட்டைகள். செடி ஒன்றுதான், விருந்தாளிகள்தான் வேறு!

காட்டு ஏலம் கொஞ்ச காலமே பூக்கும். தோட்டத்தில் பூவும் அதிகம், அதில் தேனும் அதிகம், வருடத்தின் பெரும்பகுதி பூ இருக்கும். ஆயிரக்கணக்கில் வாய் உள்ள கூட்டம் அங்கே போகாமல் எங்கே போகும்?

இலைவெட்டிக்கு ராணியும் இல்லை, வேலைக்காரர்களும் இல்லை. பெண் ஈ தானே இலையை வட்டமாக நறுக்கி, பொந்துக்குள் அறை கட்டி, மகரந்த உருண்டை வைத்து முட்டையிடும். மகரந்தத்தைக் காலில் இல்லை, வயிற்றடி முடியில் அப்பிக்கொண்டு வரும். துவரைப் பூ என்றால் இந்த இனத்துக்குக் கொள்ளைப் பிரியம். தேன் மட்டும் தராது. அதனால் மானியமும் கிடையாது, மரியாதையும் கிடையாது :-(

"தோட்டத்துக்கே வராத ஈயை எதுக்குக் காப்பாத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டையைப் பிரித்து நட்ட ஒரே ரகம். ஞள்ளானிக்கு ஞள்ளானியே பிறக்கும். நாளைக்குப் புது நோய் வந்தால் எதிர்ப்புச் சக்தியைத் தேடிக் காட்டு ஏலத்திடம்தான் போகவேண்டும். அது விதை போட்டுப் பெருகுவது இந்தத் தனிக்கட்டைகளை நம்பி. வணிகவியல் மக்களே, இதை எந்த காஸ்ட் ஷீட்டில் எழுதுவீர்கள்?

பெட்டி வைத்தாச்சு, கடமை முடிந்தது என்பது சுத்த ஏமாற்று. இலைவெட்டிக்கு வேண்டியது காய்ந்த தண்டும் பொந்தும். அமெஜில்லாவுக்கு மண் கரை. தோட்டத்தைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று முதலில் ஒழிப்பதே அவற்றைத்தான். போதாக்குறைக்குப் பூ விரிந்து ஈ வரும் காலை நேரத்தில் மருந்தடி. அதைச் சாயங்காலத்துக்குத் தள்ள ஒரு பைசா செலவில்லை. ரோஜா இலையில் வட்ட ஓட்டையைப் பார்த்ததும் பம்பைத் தூக்குகிறவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம். இலைவெட்டி அதைத் தின்னவில்லை, தொட்டில் கட்ட எடுத்துப் போயிருக்கிறது.