மரத்தை அளந்தோம், பிள்ளையை அளந்தோமா?

ரப்பர்க் கன்றை நட்ட மறுநாளே எவரும் அதில் கத்தி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அடிமரத்தை நாடாவால் சுற்றி அளந்து, 50 சென்டிமீட்டர் வந்துவிட்டதா என்று பார்த்து, கிராணியார் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட பிறகே மரம் வெட்டுக்குத் திறக்கப்படுகிறது. முற்றாத மரத்தில் கத்தி வைத்தால் மரம் கெடும் என்பது தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இலையில் நோய் கண்டால் அதற்கு மருந்து. பட்டையில் நோய் கண்டால் அதற்கும் மருந்து. ஒவ்வொரு நிரைக்கும் கணக்கு உண்டு.

நம் வீட்டிலும் ஒரு கன்று வளர்கிறது. அதற்கு 12 வயது, அல்லது 13. அந்தப் பிள்ளையின் உயரம் என்ன, எடை என்ன, சென்ற ஆண்டைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டால், நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்ல முடியும்?

தோழர்களே! குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. கைக்குழந்தையைத் தாய் புத்தகமும் கையுமாகக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்கிறாள். தவணை தவறாமல் ஊசி போடுகிறாள். வேலை செய்யும் தகப்பனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வருகிறார். பாட்டிக்குச் சர்க்கரை மருந்து, தாத்தாவுக்கு இரத்த அழுத்த மருந்து என்று மாதந்தோறும் போய் வருகிறோம். இடையில் நிற்கும் பிள்ளையைத்தான் எவரும் பார்ப்பதில்லை. "ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு என்ன நோய்?" என்று விட்டுவிடுகிறோம். நோய் இல்லாத நாளில் டாக்டரிடம் போவது வேலையற்ற வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் பிள்ளை பெரியவராக மாறுகிற வயது இதுதான். எலும்பு நீள்கிறது, பசி கூடுகிறது, மகள் வயதுக்கு வருகிறாள், மகனுக்குக் குரல் உடைகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, வேற்று மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிற காலமும் இதுவே. கண் பார்வை மங்கிய பிள்ளை கரும்பலகை தெரியாமல் தவிப்பதை, "படிப்பு ஏறவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால், "சோம்பேறி" என்று பெயர் வைக்கிறோம். ஒரு கண்ணாடியும் சில மாத இரும்புச்சத்து மாத்திரையும் தீர்க்கக்கூடிய குறையினால் பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம். படிப்பு நின்றால் அந்தக் குடும்பம் இன்னொரு தலைமுறைக்கு அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். இதனால்தான் இதனைத் தலையங்கத்தில் எழுதுகிறோம்.

தோட்டப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டாக்டர் சோதிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்து வேலை தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன், பின்னர் தோட்டங்களுக்கும் சென்று, பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்து அந்தத் தோட்டத்தில் மலேரியாவின் கொடுமை எவ்வளவு என்று அறிந்தார். அந்தக் கணக்கினால் சதுப்புகளில் கால்வாய் வெட்டப்பட்டது, உயிர்கள் பிழைத்தன. உண்மைதான். ஆனால் அன்று முதலாளிக்கு வேண்டியிருந்தது ஆள் கணக்கு. இன்று நாம் கேட்பது, நம் பிள்ளையை நமக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் பார்க்கும் சோதனை. அதற்கு நாமே தயாராக வேண்டும்.

சோதனையில் என்ன நடக்கும்? பயப்பட ஒன்றுமில்லை. உயரமும் எடையும் அளப்பார்கள். கண், காது, பல், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று குனியச் சொல்லிப் பார்க்கலாம். தேவையென்று கண்டால் இரத்தம் எடுப்பார்கள். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், மனக்கவலை ஆகியவை பற்றிக் கேட்பார்கள். போட வேண்டிய ஊசி ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்வார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். ஆகவே காசு பெரிய தடையன்று. தயாரில்லாமல் போவதே தடை.

முதலாவது, பத்திரங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், 12 வயதில் எடுக்க வேண்டிய அடையாளக் கார்டு, குழந்தையாயிருந்தபோது கிளினிக்கில் கொடுத்த ஊசிப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். ஊசிப் புத்தகம் தொலைந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்தக் கிளினிக்கில் போட்டது என்று சொன்னாலும் உதவியாக இருக்கும். பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை சில வீடுகளில் இன்னும் உண்டு என்பதை நாம் அறிவோம். குடிமகன் என்ற அத்தாட்சி இல்லாவிட்டால் மருத்துவக் கட்டணமும் கூடும்; நாளை பரீட்சைக்கும் வேலைக்கும் தொல்லை. அப்படிப்பட்ட தோழர்கள் நாளையே சங்கக் கிளைக்கு வந்து சொல்லுங்கள். பதிவிலாகாவுக்குத் தனியாகப் போய்த் திண்டாட வேண்டியதில்லை.

இரண்டாவது, குடும்பத்தின் நோய்க் கணக்கு. தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் யார் யாருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா, காசநோய் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இளவயதில் திடீரென மயங்கி இறந்தவர் குடும்பத்தில் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "கண்பட்டது" என்று முடித்துவிட்ட மரணம் டாக்டருக்கு ஒரு முக்கியமான துப்பாகலாம். பந்து விளையாடும்போது பிள்ளைக்கு நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கொடுக்கும் மருந்துகளில் நாட்டு மருந்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்து, பிள்ளை அழ அழத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறீர்கள். தேய்த்தால் அது போகாது. பருத்த பிள்ளையிடம் பெரும்பாலும் அது, சர்க்கரை நோய் பின்னாளில் வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியர்களில் அது நூற்றுக்குச் சுமார் 31 பேர். இது நம் சமூகத்தின் தலைமேல் தொங்கும் கத்தி. அந்தக் கறுப்பை டாக்டரிடம் காட்டுங்கள். இனிப்புத் தண்ணீரைக் குறைத்து, மாலையில் ஓடி விளையாட விட்டால், வரவிருக்கும் நோயைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கலாம், தடுக்கவும் கூடும்.

மூன்றாவது, பிள்ளையிடம் முன்கூட்டிப் பேசுவது. சிறு வயதில் சோறு உண்ணாவிட்டால், "டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டியவர்கள் நாமே. இன்று அதே பிள்ளையைத் திடீரென்று கையைப் பிடித்து இழுத்துப்போனால் எப்படி வாய் திறக்கும்? இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள்: "இன்ன நாள் போகிறோம், இன்னது பார்ப்பார்கள், உனக்குக் கேட்க வேண்டியதை யோசித்து வை." வயதுக்கு வந்த மகளானால் மாதவிலக்குத் தேதிகளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள். அதிகமாகப் போகிறது, தலை சுற்றுகிறது என்றால் இரத்தக் குறைவாக இருக்கலாம். பெண் டாக்டரோ பெண் தாதியோ வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சடங்குக்கு மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டுகிறோம். அதே உடம்பின் நலத்தைப் பற்றி மகளிடம் பேச மட்டும் கூச்சப்படுகிறோம். மகனிடமோ எவருமே பேசுவதில்லை. தகப்பன்மார் இதைத் தாயின் வேலை என்று ஒதுங்கக்கூடாது.

நான்காவது, சற்று வெளியே உட்காருவது. டாக்டரோ தாதியோ பிள்ளையிடம் தனியாகச் சில நிமிடம் பேச விரும்பினால் சம்மதியுங்கள். "எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு?" என்று சினக்க வேண்டாம். பள்ளியில் ஒருவன் அடிப்பதை, சிநேகிதன் வேப் கொடுத்ததை, இரவில் தூக்கம் வராததை, வீட்டில் குடித்துவிட்டு நடக்கும் சண்டையைத் தாய் தகப்பன் முன்னிலையில் பிள்ளை சொல்லாது. வெளியாரிடமாவது சொல்லட்டும். சொல்ல ஓர் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளை கெட்டுப்போவது குறைவு.

அடுத்து, பள்ளிக்கூடத்துப் பாரம். 2010-ஆம் ஆண்டு முதல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 13 வயது மாணவிகளுக்கு அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. 15 வயதில் டெட்டனஸ் ஊசி உண்டு. 2016-ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய்க்கான சோதனையும் நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பாரமோ மலாய் மொழியில் வருகிறது. வாசிக்கத் தெரியாத தகப்பன் அதைப் பிள்ளையின் பையிலேயே விட்டுவிடுகிறார். நாள் கடந்து போகிறது. "கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த ஊசி ஏன்?" என்று சிலர் மறுக்கிறார்கள். நோய்க்கிருமி உடம்பை அணுகுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்பதே காரணம். வெள்ளம் வருமுன் அணை போடுவதற்கு ஒப்பானது அது; பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி இதில் எதுவுமில்லை.

கிராணிமார் தோழர்களுக்கு இங்கே நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. செக்ரோலில் பெயர் எழுதும் அதே கை, மாதத்தில் ஒரு மாலை கோயில் மண்டபத்திலோ சங்கக் கிளையிலோ உட்கார்ந்து இந்தப் பாரங்களை வாசித்துச் சொல்லட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கி, பெற்றோரே முடிவு செய்து கையெழுத்திடச் செய்யட்டும். எழுத்தறிந்தவன் எழுத்தறியாதவனுக்குச் செய்யும் உதவியில் இதைவிடப் பெரியது வேறென்ன? அன்று ஊசி நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகளையும், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளையும் ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு பள்ளியில் இருக்கும் பிள்ளையைத்தான் பார்க்க முடியும். விட்டுப்போனவர்களை நாம்தான் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்.

கடைசியாகச் சம்பளப் பிரச்சனை. பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு நாள் மரத்தை விட்டால் அன்றைய கூலி போயிற்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கே உரியது. பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துப் போவதற்கென்று சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. ஆண்டு விடுமுறையோ, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், 5 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அதற்குள்ளேயே திருவிழா, கல்யாணம், கருமாதி எல்லாம். ஆகவே, வளரும் பிள்ளை உள்ள தொழிலாளிக்கு ஆண்டில் அரை நாளாவது சம்பளத்துடன் இதற்கென விடுப்பு தர வேண்டும் என்பது பேச்சுவார்த்தை மேசையில் வைக்கத்தக்க நியாயமான கோரிக்கை என்று நாம் கருதுகிறோம். மரத்தை அளக்க ஆள் அனுப்பிக் கூலி கொடுக்கும் நிர்வாகம், பிள்ளையை அளக்க அரை நாள் கொடுத்தால் குடி முழுகிப்போகாது.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் முடியாது. பிள்ளை நமக்காக வளராமல் நிற்காது. கிளினிக்கில் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே லயத்தில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், நான்கு தாய்மாரும் கூலியை இழக்க வேண்டியதில்லை. முறை வைத்து, ஒரு நாள் இருவர் சேர்ந்து ஒரே வண்டியில் அழைத்துப் போகலாம். டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதிவாங்கி அதே உறையில் வையுங்கள். உயரத்தை வீட்டு நிலைக்கதவில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதற்கு மேலே இன்னொரு கோடு.

தோழர்களே! நம் முன்னோர் அளந்த மரங்கள் பிறருக்குப் பால் கொடுத்தன. நம் கதவில் அளக்கும் இந்தக் கன்று நமக்குச் சொந்தம். இந்த மாதத்திலேயே ஒரு நாளைக் குறியுங்கள்.