“கையெழுத்து போட்டுட்டோமே” என்று யாரும் ஒதுங்க விடாதீர்கள்!



மயிலாப்பூர், தி. நகர், அடையாறு எங்கும் தனியார் மருத்துவமனைகள். அங்கே ஆபரேஷனுக்குப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களிடம் வழக்குப் போடச் சொன்னால், “நாமதான் கையெழுத்து போட்டுட்டோமே” என்கிறார்கள். அந்த எண்ணத்திலேயே எத்தனையோ வழக்குகள் மனுவாகும் முன்பே மடிகின்றன. இதை உடைப்பதே இப்போது நம் முதல் வேலை.

சமீரா கோலி வழக்கை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள். 1995, டெல்லி. 44 வயதுப் பெண். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பற்றி இருந்தது, தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கலாம் என்றும் இருந்தது. கர்ப்பப்பையை எடுப்பதாக ஒரு வார்த்தை இல்லை. அவர் மயக்கத்தில் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதுவந்த, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக வேறு யாரும் தலையாட்ட முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விலக்கு. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விளக்கிய பிறகு தருவதுதான் சம்மதம். அட்மிஷன் கவுன்ட்டரில் அவசர அவசரமாக நீட்டப்படும், படித்துப் புரியாத ஆங்கிலத் தாளில் வாங்கும் கையெழுத்து மட்டும் அதற்கு ஈடாகாது.

டாக்டருக்கான ஆபரேஷன் கட்டணத்தை நீதிமன்றம் மறுத்ததற்கு மேல் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். கேட்டதோ 25 லட்சம். நோயாளியின் நன்மை கருதியே செய்தார்கள் என்று நீதிமன்றம் கருதியது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்கு இந்தத் தொகையா என்று எனக்கு இன்றும் கொதிக்கிறது. தொகை உயர வேண்டுமானால் வழக்குகள் பெருக வேண்டும், ஆதாரம் வலுக்க வேண்டும்.

காலம் நமக்காகக் காத்திருக்காது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டே ஆண்டுகள்தான். ஆகவே முதலில் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்க வையுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த ஆபரேஷன் என்று எழுதாமல் விட்ட இடம், தேதி இல்லாத கையெழுத்து, நோயாளிக்குப் பதில் கணவர் போட்ட கையெழுத்து எல்லாம் அதில்தான் பிடிபடும்.

நம் பகுதிவாசிகள் சென்னை தெற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்களை உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். ஏழைகள் அதிகம் போவது அங்கேதான், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

நல்ல டாக்டர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்குகிற டாக்டர் நம் அணிதான். தமிழில் படிவம் வேண்டும் என்ற கோரிக்கையை அவர்களிடமும் கொண்டு போங்கள்.

உங்கள் தெருவில் இந்த இரண்டு ஆண்டுகளில் ஆபரேஷனால் பாதிக்கப்பட்டவர் யார் என்று இன்றே விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தேதியைப் பாருங்கள். கெடு நெருங்கியவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள்.