ஆற்றின் வழக்குரைஞர்கள்

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்ததும், மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் நாம் இளமை முதல் கேட்டுவரும் கதை. அக்கதையில் நான் வியப்பது மன்னனின் நேர்மையை மட்டுமன்று. கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியதையும்தான். ஆற்றுக்கு அக்கயிறு எட்டாது. ஏரிக்கும் காட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் எட்டாது. அவற்றுக்காகக் கயிற்றைப் பற்றி இழுக்க மனிதர் வேண்டும். அதனால் தமக்குப் பொருள் ஏதும் வாராது என அறிந்தே இழுப்பவர் வேண்டும். இலாப நோக்கற்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்புகள் செய்துவரும் பணி இதுவே.

இப்பணியில் இறங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, 'இதில் உமக்கென்ன இழப்பு?' என்பது. அமெரிக்காவில் மினரல் கிங் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் பெரும் பனிச்சறுக்கு விடுதி அமைக்கத் திட்டமிட்டபோது, சியரா கிளப் என்னும் அமைப்பு வழக்குத் தொடுத்தது. அவ்வமைப்பு தன் உறுப்பினருக்கு நேர்ந்த தீங்கு இன்னதென்று காட்டவில்லை எனக் கூறி, 1972இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. பள்ளத்தாக்கும் ஆறும் தம் பெயரிலேயே வழக்காடும் உரிமை பெறவேண்டும் என நீதிபதி வில்லியம் டக்ளஸ் மாறுபட்டு எழுதிய தீர்ப்புரை இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. நம் நாட்டில் இத்தடை வேறு வழியில் தளர்ந்தது. 1980களில் உச்சநீதிமன்றம் பொதுநல வழக்குக்குக் கதவைத் திறந்தது. தனக்கு நேரடி இழப்பு இல்லாதவரும் பிறர்பொருட்டு முறையிடலாம் என்ற நிலை வந்தது. அவ்வாறு திறந்த கதவின் வழியே சென்றவற்றுள் ஒன்று நம் பாலாறு.

பாலாற்றைப் பார்த்தவர்க்கு அதன் இயல்பு தெரியும். ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. ஆயினும் மணலுக்கு அடியில் நீர் ஓடும். ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொண்டுசென்ற மரபு இப்பகுதி உழவருடையது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நீர் கெடும்போது அக்கேடும் கண்ணுக்குத் தெரியாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழில் பழமையானது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர் ஏற்றுமதி பெருகக் குரோமிய உப்புகளும் பிற வேதிப்பொருள்களும் வந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. அந்நீர் கழிவாக வெளியேறி ஆற்றிலும் ஏரியிலும் வயலிலும் கலந்தது. 1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது.

1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அது அறிவித்தது. இவற்றுள் முன்னதன் பொருளைச் சற்று நின்று எண்ணவேண்டும். அதுவரை, 'உன் ஆலைநீர் என் கிணற்றைக் கெடுத்தது' என்று உழவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இனி, 'என் ஆலைநீர் தீங்கற்றது' என்று ஆலையுரிமையாளரே மெய்ப்பிக்கவேண்டும். எழுத்தறியாத ஓர் உழவரின் தோளிலிருந்து அச்சுமை இறங்கியது சிறிய செய்தியன்று. உயர்நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனப் 'பசுமை அமர்வு' அமைக்கவும் அத்தீர்ப்பே கேட்டுக்கொண்டது.

தீர்ப்பைப் போற்றுவோர் பலர். அத்தீர்ப்புக்குள் இருக்கும் சில எண்களைக் கவனிப்போர் சிலரே. வழக்கு பாலாற்றோடு நிற்கவில்லை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, செங்கற்பட்டுப் பகுதிகளையும் சேர்த்து 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகளைத் தழுவியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்பது வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்றின் கணக்கு. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்பது தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்கு, நான்கில் மூன்று! இக்கிணறுகளை எண்ணியது எத்தகைய வேலை என நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகச் செல்லவேண்டும், ஒவ்வொரு கிணற்றடியிலும் நிற்கவேண்டும், உடையவரிடம் கேட்கவேண்டும், எழுதவேண்டும். அதில் எவ்விதப் புகழும் இல்லை. ஆனால் 'எங்கள் தண்ணீர் கெட்டுப்போயிற்று' என்னும் புலம்பல், '467இல் 350' என்னும் சான்றாக மாறியது அந்த நடையினால்தான். புலம்பலைக் கேட்டு இரங்கலாம். சான்றைக் கண்டால் ஆணையிட்டே ஆகவேண்டும். சட்ட அமைப்புகளின் உண்மையான திறமை நாவன்மையில் இல்லை, இம்மாற்றத்தை நிகழ்த்துவதில் இருக்கிறது என்பேன்.

இத்தகைய அமைப்புகள் தொழில்வளர்ச்சிக்குத் தடை என்று சொல்வோர் உண்டு. அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும் பலருக்கு வேலை தருவதையும் உச்சநீதிமன்றமே அத்தீர்ப்பில் எடுத்துரைத்தது. ஆகவேதான் தொழிலையே ஒழிக்காமல், கழிவுநீரைச் சுத்திகரிக்க 1996 நவம்பர் 30 வரை கெடு விதித்தது. தவறியவற்றை மட்டும் மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அரசு மானியம் தர முன்வந்தும் பல்லாண்டுகள் பெரும்பாலோர் அசையவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். எனினும் ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. ஆலை மூடப்படும் நாளில் முதலில் கூலி இழப்பவர் முதலாளி அல்லர், தொழிலாளி. அவருடைய வீட்டுக் கிணறும் அதே கழிவால் கெட்டதே. சுற்றுச்சூழல் மனுக்களில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வருங்காலத்தில் இப்பணிக்கு வருவோர் நிரப்பவேண்டிய இடைவெளி அது.

இனி, என் கருத்தில் மிக முதன்மையான ஒன்றுக்கு வருகிறேன். வழக்கில் வெற்றி என்பது எப்போது நிகழ்கிறது? தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் பாதிக்கப்பட்டோரைக் கணக்கெடுத்து, 2001இல் ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு என வரையறுத்தது. வகுத்துப் பாருங்கள், ஒருவர் பங்குக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை. 1991 முதல் பல ஆண்டுகள் நிலம் விளையாமற் போனதற்கு ஈடு அது! அதுவும் உரிய காலத்தில் அனைவர்க்கும் சென்று சேரவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்னும் தொண்டமைப்பு மீண்டும் நீதிமன்றப் படியேறியது. 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது: எஞ்சிய இழப்பீட்டை அரசு கொடுத்து, அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்கவேண்டும்; ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றின் நிலையைக் கண்காணிக்கவேண்டும். வழக்கை முடித்துவிடாமல், ஆணை நிறைவேறுகிறதா எனத் தொடர்ந்து கேட்கும் முறையையும் நீதிமன்றம் மேற்கொண்டது.

1991இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2025இல் நாற்பது வயதைத் தொட்டிருக்கும். கூலி பெறும் வழக்குரைஞர் எவரும் இவ்வளவு நெடுங்காலம் ஒரே ஆற்றின் பின்னால் நடந்திருக்க முடியாது. கட்சிக்காரரின் பணமும் பொறுமையும் அதற்குள் தீர்ந்திருக்கும். 'நீதிமன்றமே ஆணையிட்டுவிட்டதே, இனி அரசு பார்த்துக்கொள்ளும்' என நினைப்பவர்கள், அந்த இரு தீர்ப்புகளுக்கும் இடையே கிடக்கும் ஏறத்தாழ 28 ஆண்டுகளைப் பார்க்கவேண்டும். அரசின் கடமையைத் தன்னார்வலர் சுமப்பது முறையா என்று கேட்டால், முறையன்று. மாசுக் கட்டுப்பாட்டுக்கெனச் சட்டமும் வாரியமும் அலுவலரும் இருக்கையில், குடிமக்கள் இருமுறை தில்லி வரை செல்ல நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆனால் அவ்வாறு செல்பவர் இல்லாதிருந்தால், 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டக்கல்லூரிப் பாடமாக மட்டுமே நிலைத்திருக்கும்; ஆம்பூர் உழவர் அதனை அறிந்திருக்கவும் மாட்டார்.

புதிய குழு தன் அறிக்கையை எழுத அமரும்போது அதற்கு மீண்டும் எண்கள் தேவைப்படும். எந்த ஊரில் எந்தக் கிணறு, சென்ற கோடையில் அதன் உப்பு எவ்வளவு, இந்தக் கோடையில் எவ்வளவு என்று ஒருவர் நடந்து சென்று குறித்து வைத்திருந்தால்தான், அடுத்த விசாரணையில் நீதிபதியின் மேசைமீது வைக்க ஏதேனும் இருக்கும்.