நோயாளிக் குழந்தை என்றால் வெளிநாட்டுக்கா?

1986இல் ஹவுரா ரயில் நிலையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து இறங்கினான். மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில், நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிப்போனவன். சொந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது, வங்க மொழியும் புரியாது. சில வாரம் அலைந்து, போலீஸ் வழியாகப் பக்கத்து லிலுவா சிறார் இல்லத்துக்கும், பிறகு கொல்கத்தாவில் தத்தெடுப்புப் பணி செய்த ‘இஸ்ஸா’ அமைப்பின் இல்லத்துக்கும் போனான். 1987இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத் தம்பதி அவனை மகனாக்கிக்கொண்டார்கள். அந்த சரூ பிரையர்லியின் கதைதான் ‘லயன்’ என்ற படமானது.

சரூவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இன்று அப்படியொரு சிறுவன் சுலபமாக வெளிநாடு போய்விட முடியாது. வழக்கறிஞர் லக்ஷ்மி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே வழக்காக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1984இல் நீதிபதி பகவதியின் தீர்ப்பில், அநாதைக் குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே வீடு தேட வேண்டும் என்றது. 1990இல் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் வந்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பை முறைப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையை 2003இல் இந்தியா ஏற்றது.

2024-25இல் நாட்டில் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்தவை. வெளிநாடு போன மிச்சப் பேரில் பெரும்பாலோர் உடல்நலக் குறை உள்ளவர்கள் அல்லது வயதில் மூத்தவர்கள். இங்கே 30,000க்கும் மேற்பட்ட பெற்றோர் பதிவு செய்துவிட்டு மூன்றரை ஆண்டுகள்வரை காத்துக் கிடக்கிறார்கள். அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போதே, இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைக்கு இத்தாலியிலோ அமெரிக்காவிலோ ஆள் தேட வேண்டியிருக்கிறது.

2017 தத்தெடுப்பு விதிகள் ஆரோக்கியமான குழந்தைக்கு இந்தியக் குடும்பம் தேட 60 நாள் தந்தன. நோயோ ஊனமோ இருந்தால் 15 நாள்தான். சிகிச்சை தாமதமாகக் கூடாது என்பதே நோக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளில், தத்தெடுக்கக் காத்திருக்கும் பெற்றோருக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொல்பவர் யார்?

குழந்தையின் படம், சமூகப் பின்னணி அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் காராவின் இணையதளத்தில் வரும். 48 மணி நேரத்துக்குள் ‘சரி’ என்று பதிய வேண்டும். அறிக்கையில் ஆங்கிலச் சுருக்கங்களில் ஒரு வரி இருக்கும். கணவனும் மனைவியும் போனைத் தூக்கிக்கொண்டு பழக்கமான டாக்டரிடம் ஓடுவார்கள். அவர் குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார், ‘எதுக்கு ரிஸ்க்?’ என்பார். வீட்டுப் பெரியவர்கள் அதற்கு முன்பே அதைச் சொல்லியிருப்பார்கள். கதை முடிந்தது.

இத்தனைக்கும், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பல சமயம் தீரக்கூடிய சங்கதி. உதட்டுப் பிளவைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்து சரிசெய்கிறார்கள். வளைபாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, குதிகால் தசைநாணில் சிறு கீறல் போட்டு, பிறகு சில ஆண்டுகள் இரவில் காலணிப் பட்டை மாட்டினால் பிள்ளை ஓடியாடும். மேற்கு வங்கத்தில் 2013 முதல் ‘சிசு சாத்தி’ திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை இலவசம். சரூ வந்து இறங்கிய ஹவுராவிலேயே, ஆந்துல் சாலையில், இதய அறுவை செய்யும் மருத்துவமனை உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குழந்தை விமானம் ஏறுவது வேடிக்கைதான்.

எல்லாக் குறையும் அப்படித் தீராது. மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றில் ஆயுள் முழுக்கப் பக்கத்துணை வேண்டும். அந்தக் குழந்தைகளை ஏற்க முன்வரும் வெளிநாட்டுப் பெற்றோரைச் சந்தேகக் கண்ணோடு மட்டும் பார்ப்பது அநியாயம்.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. சென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் ‘மலேசியன் சோஷியல் சர்வீசஸ்’ என்ற அமைப்பு வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது 2005இல் அம்பலமாகி, சி.பி.ஐ. விசாரணைவரை போனது. பிகாரின் நாலந்தாவிலிருந்து 2016இல் டெக்சாஸுக்குத் தத்துப் போன ஷெரின், அடுத்த ஆண்டே மூன்று வயதில் இறந்தாள். அந்த வழக்கில் வளர்ப்புத் தந்தைக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பழைய முறைகேடுகளால் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே படிப்படியாக நிறுத்துகிறது. சீனாவும் 2024இல், உறவினர் தத்தெடுப்பு நீங்கலாக, கதவைச் சாத்தியது.

இந்தியா சாத்தக் கூடாது. சாத்தினால் முதலில் அடிபடுபவர்கள் இல்லங்களில் கிடக்கும் நோயாளிக் குழந்தைகள்தான். வெளிநாடு போன குழந்தையைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு வர வேண்டிய கண்காணிப்பு அறிக்கைகள் வந்ததும் கோப்பை மூடாமல், சிகிச்சை தொடரும்வரை தூதரகம் விசாரிக்கலாம். அதைவிட அவசரம், உள்நாட்டில் செய்ய வேண்டியது. அறுவை செய்து சரியாகக்கூடிய குழந்தைக்கு இல்லத்தில் இருக்கும்போதே அதை முடிக்க வேண்டும். இலவச சிகிச்சை உரிமை, தத்தெடுத்த குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் குழந்தையோடு போக வேண்டும். 48 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குமுன், குழந்தையைப் பார்த்த மருத்துவர் பெற்றோரிடம் நேரில் பேச வேண்டும்.

தத்தெடுக்கப் பதிவு செய்யப்போகும் தம்பதிகளிடம் ஒரு வேண்டுகோள். சிறப்புத் தேவையுள்ள குழந்தையை ஏற்பீர்களா என்று படிவம் கேட்கும். ‘இல்லை’ என்று குறிக்குமுன் அரசுக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு முறை போய், என்னென்ன குறைகளுக்கு இங்கேயே வைத்தியம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.