தேர்தல் களத்தில் கட்சி சாராதோர்

அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியிருந்தும், அரசியல் பேசக் கூடவேண்டிய தேவை மிகுந்திருக்கும் தேர்தல் காலத்தில்தான் பல மாவட்டங்களில் அவ்வுரிமை தடையுத்தரவுகளால் முடக்கப்படுகிறது. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட 2024 மார்ச் 16 அன்றே, தேர்தல் முடியும்வரை முன்னனுமதியற்ற கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடுக்கும் 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

144 என்பது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ், உடனடி ஆபத்தைத் தடுக்க நிர்வாக நடுவருக்கு அளிக்கப்பட்ட அவசர அதிகாரமாகும். அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 163ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கருத்து வேறுபாட்டை ஒடுக்க இதைப் பயன்படுத்தலாகாது என்றும், உத்தரவுக்கான காரணங்களை அதிலேயே குறிப்பிட வேண்டும் என்றும் அனுராதா பாசின் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தேர்தல் அறிவிப்பு ஒன்றையே ஆபத்தாகக் கொள்வது இத்தீர்ப்புக்கு நேர்முரணானது.

கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் தேர்தல் ஆணையத்தின் ‘சுவிதா’ தளத்தில் அனுமதி கோரும் வழியுண்டு. வேட்பாளரை நிறுத்தாத குடிமக்கள் அமைப்புகளோ, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலின்றிக் காத்திருக்க நேர்கிறது. பிரசாரக் காலத்தில் பதில் வராததும் மறுப்பேயாகும். சமூகச் செயற்பாட்டாளர்களான அருணா ராயும் நிகில் டேயும் தொடுத்த வழக்கில், இத்தகைய விண்ணப்பங்கள்மீது மூன்று நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டுமென 2024 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

அவ்விருவரும் அங்கம் வகிக்கும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, 1996 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சூடுபிடித்திருந்த வேளையில், ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடத்தியது. ஊராட்சிப் பணிகளின் செலவுச் சீட்டுகளும் கூலியாள்களின் வருகைப் பதிவேடுகளும் நகலாகக் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. தெருவோரத்தில் அமர்ந்திருந்த அந்தக் கிராமத்துத் தொழிலாளர்களுக்கு நகரத்தார் தானியமும் காய்கறியும் கொடுத்துத் துணைநின்றனர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்த போராட்டங்களுள் இது முதன்மையானது. வாக்குக் கேட்டு வருவோரிடம் மக்கள் கணக்குக் கேட்கக்கூடிய காலம் தேர்தலேயன்றி வேறில்லை.

உச்ச நீதிமன்றம் விதித்த மூன்று நாள் கெடு தாமதத்தைக் குறைக்கும். ஒட்டுமொத்தத் தடையின் முறைகேட்டை அது நீக்கிவிடாது. தேர்தல் காலத்தில் மாவட்ட ஆட்சியர்கள் மாவட்டத் தேர்தல் அலுவலர்களாக ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இயங்குவதால், குறிப்பான ஆபத்தைச் சுட்டாத தடையுத்தரவுகளைப் பிறப்பிக்கக் கூடாதென அடுத்த தேர்தல் அறிவிப்புடனேயே ஆணையம் அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.